கோழியின் முதுகு

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்குப் பெயர் ஊசியக்கா. காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர் யாராக இருந்தாலும் என்னிடம்தான் கையை நீட்டியாக வேண்டும். நரம்பே தெரியாத குண்டுக் கையிலும் முதல் குத்தில் ரத்தம் எடுத்துவிடுவேன். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. என் வீட்டுக்காரர் மட்டும் கடைசி வரை கையை நீட்டவில்லை. "நீ வாயால குத்துறதே போதும்டி ஊசி, தனியா வேற எதுக்கு?" என்பார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். போன மழைக்காலத்தில் ஒரு நாள் வேலையிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். பாதிப் பொத்தானோடு போய்விட்டார். நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து என் மகனுக்கு ஆரோக்கியம் பிடித்துக்கொண்டது. பேய் பிடிக்குமே, அந்த மாதிரி. கீரையைக் கண்டால் காத தூரம் ஓடினவன், இப்போது எண்ணெய்யை ஸ்பூனால் அளக்கிறான். சர்க்கரை டப்பாவை வீட்டைவிட்டே துரத்திவிட்டான். விடிவதற்கு முன் எழுந்து, யாரோ துரத்துகிற மாதிரி நடக்கிறான். மருமகள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளும் அவனோடு சேர்ந்துகொண்டாள், அல்லது சேர்ந்துகொண்டதுபோல இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டில் குடும்ப நேரம். கைபேசியெல்லாம் ஒரு கூடைக்குள் போய்விட வேண்டும். வெளிச் சாப்பாடு கிடையாது. வீட்டிலேயே ஒரு முழுக்கோழியை ஓவனில் வாட்டி, எல்லாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

இதில் நானும் சேர்த்தி. சேர்த்தி என்ன, எனக்காகத்தான் இவ்வளவும். பின்பக்கத்து அறைக்கு வெள்ளையடித்து, கட்டில் போட்டு, ஜன்னலுக்குத் திரைகூடத் தைத்துவிட்டார்கள். "அந்த வீட்டைக் காலி பண்ணிட்டு இங்க வந்துடும்மா" என்று மகன் மாசக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாக நான் சொல்லியிருந்தேன்.

உள்ளதைச் சொன்னால், எனக்குப் போக ஆசைதான். தனி வீடு என்னைத் தின்றுகொண்டிருந்தது. சொட்டுகிற குழாயைப் பார்த்து, "நிறுத்தேன், காது வலிக்குது" என்று ஒரு நாள் நிஜமாகவே கத்தினேன். மகள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய்விட்டாள். அவள் விழித்திருக்கும்போது நான் தூங்குவேன். வேலையிடத்தில் கேட்கும் 'அக்கா' எல்லாம் மத்தியானத்தோடு முடிந்துவிடும். அப்புறம் மறுநாள் காலை வரை என்னை யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள். மூட்டை கட்டிக்கொண்டு போய்விடலாம்தான். ஆனால் ஒரே ஒரு விஷயம் தொண்டையில் முள்ளாக நின்றது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் கோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது எங்கள் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை முழுக்கோழி உண்டு. யாரோ வீடு மாற்றும்போது விற்ற ஓவனை இவர் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் கதவு சரியாக மூடாது. மடித்த அட்டையைச் செருகி வைப்பார். மிளகு, பூண்டு, எலுமிச்சை, மேலே தாராளமாக வெண்ணெய். வெந்து வந்ததும் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு கால், நெஞ்சுக்கறியில் பெரிய பெரிய துண்டு என்று தட்டு நிறையப் போட்டு, டிவி முன்னால் உட்கார வைத்துவிடுவோம். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம்.

உள்ளே பலகையின் மேல் கோழியின் முதுகு இருக்கும்.

தெரியாதவர்களுக்கு அது எலும்புக்கூடு. தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும், கோழியில் மற்றதெல்லாம் சும்மா. கொழுப்பும் சாறும் இறங்கி ஊறுகிற இடம் அது. இடுப்புக்கு மேலே இரண்டு பக்கமும் குழிக்குள் ஒளிந்துகொண்டு ஒரு சின்னத் துண்டு இருக்கும்; வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். அது ஆளுக்கு ஒன்று, அதில் தகராறு கிடையாது. மொறுமொறு தோலுக்கும் வாலுக்கும்தான் அடிதடி. நான் கரண்டியால் அவர் கையில் போடுவேன். அவர் முழங்கையால் என்னை இடித்துத் தள்ளிவிட்டு வாலை வாயில் போட்டுக்கொண்டு, "போச்சே, போச்சே" என்று சிரிப்பார். பிள்ளைகள் வந்து பங்கு கேட்டுவிடக் கூடாதே என்று சத்தம் போடாமல் சண்டை போடுவோம். எங்கள் குடித்தனத்தில் கொஞ்சிக்கொண்டது குறைவு, அந்த வாலுக்குச் சண்டை போட்டதுதான் அதிகம். இப்போது யோசித்தால் அதற்குப் பெயர்தான் கொஞ்சல் போலிருக்கிறது.

அவர் போனபின் துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் மகன் ஒரு கதை சொன்னான். "கறியெல்லாம் எங்களுக்குக் குடுத்துட்டு, அப்பாவும் அம்மாவும் வெறும் எலும்பைச் சப்பிட்டு இருப்பாங்க. நாங்க பாத்தா மனசு கஷ்டப்படும்னு கதவை வேற சாத்திக்குவாங்க. அப்பா கடைசி வரைக்கும் ஒரு கால் பீஸ்கூடத் தின்னு பாத்ததில்ல." கேட்டவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். சாவு வீட்டில் கோழி வாலைப் பற்றி யாரிடம் போய் வாதம் பண்ணுவது?

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் என் தட்டில் கால் விழுந்தது. ஒன்றல்ல, இரண்டு. முதுகு என் கண்ணில் படாமலே மறைந்துவிடும். "எனக்கு முதுகுதான்டா பிடிக்கும்" என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டினான். சரி, பதில் சொல்லப்போகிற நாளில் இதையும் பேசித் தீர்த்துவிடுவது என்று முடிவு பண்ணினேன். கோழி பெரிய விஷயமில்லை. ஆனால் இதைக்கூட நம்பாத வீட்டில் நான் வேறு எதைச் சொல்லி, யார் நம்பப்போகிறார்கள்?

அந்த ஞாயிறு போனபோது வாசலிலேயே வாசனை வந்தது. கைபேசியைக் கூடையில் போட்டேன். மகன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். கோழி பொன்னிறத்தில் பளபளத்தது. சுற்றிலும் கேரட், பூசணித் துண்டுகள். எனக்கு நாக்கில் நீர் ஊறியது. அடுத்த நிமிஷம் அவன் கத்தியை எடுத்து, அந்தத் தோலை முழுசாக உரித்து ஓரமாகப் போட்டான். தோலோடுதான் வேகவைக்க வேண்டுமாம், அப்போதுதான் கறி காயாதாம். தின்னத்தான் கூடாதாம். எனக்கு என் தோலையே உரித்த மாதிரி இருந்தது.

கால் இரண்டும் என் தட்டுக்கு வந்தன. நெஞ்சுக்கறி அவர்களுக்கு. மிச்சத்தை மருமகள் உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். அவள் திரும்பி வந்ததும் குடும்ப நேரத்து விதிப்படி ஆளுக்கொரு நல்ல செய்தி சொன்னோம். அவன் எடை குறைந்ததைச் சொன்னான். அவள் வகுப்பில் ஒரு மக்குப் பையன் வகுத்தல் கற்றுக்கொண்டதைச் சொன்னாள். நான், மூன்று ஆஸ்பத்திரியில் நரம்பு கிடைக்காத ஒரு பெண்மணிக்கு முதல் குத்திலேயே எடுத்ததைச் சொன்னேன். "சூப்பர்மா" என்றான். அவ்வளவுதான்.

"டேய், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். "நானும் உங்கப்பாவும் உங்களுக்காக எலும்பைத் தின்னல. எங்களுக்கு அதுதான் பிடிக்கும். நீங்க பங்குக்கு வந்துடக் கூடாதுன்னுதான் கதவைச் சாத்தினோம்."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். பிறகு சிரித்தான். "எனக்குக் குத்தமா இருக்கக் கூடாதுன்னு கதை கட்றியாம்மா?"

"கதை இல்லடா! உங்கப்பன் என் கையைத் தட்டிவிட்டுட்டு வாலைப் பிடுங்கித் தின்பாரு. அவருக்கு நான் 'வால்'னே பேரு வச்சிருந்தேன்."

என் குரல் உயர்ந்துவிட்டது. மகன் தட்டைத் தள்ளிவைத்தான். கண் கலங்கியிருந்தது.

"போதும்மா" என்றான். "கடைசி ரெண்டு வருஷம் நான் அப்பாவைப் பாக்கவே வரல. வேலை, வேலைன்னு இருந்துட்டேன். இப்ப கண்ணை மூடினா அந்தக் கதவு சாத்தின சமையலறைதான் தெரியுது. எங்களுக்காக எலும்பு தின்னவருக்கு நான் என்ன செஞ்சேன்னு நினைச்சுத்தான் தினம் எந்திரிச்சு நடக்கறேன். அதையும் இல்லைன்னு சொல்லாதேம்மா."

அந்த அப்பாவைப் பிடித்துக்கொண்டுதான் இவன் நின்றுகொண்டிருக்கிறான். என் கையை இடித்துத் தள்ளின மனிதர் இவனுக்குத் தேவையில்லை. எனக்கு மட்டும்தான் தேவை. காலைக் கடித்தேன். உப்பு ஒன்றுதான் தெரிந்தது.

சாப்பிட்டு முடித்ததும் மருமகள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். கை கழுவுகிற சாக்கில் நானும் பின்னாலேயே போனேன். குப்பைக்குப் போவதற்குள் ஒரு விள்ளலாவது கிடைக்காதா என்ற நப்பாசை. சமையலறைக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. தள்ளினேன்.

தொட்டிப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள் மருமகள். கையில் கோழியின் முதுகு. வாய் நிறையத் தோல். முழங்கை வரை எண்ணெய். எண்ணெய்யை ஸ்பூனால் அளக்கிற வீட்டுக்காரி! எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இத்தனை மாசத்தில் அப்படி ஒரு சிரிப்பு எனக்கு வந்ததில்லை. ஒரே எட்டில் போய் அவளை இடித்துத் தள்ளிவிட்டு வாலைப் பிடுங்கலாம் என்று கையைக்கூட நீட்டிவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். முகம் செத்துவிட்டது. அடுத்த நொடி முதுகு குப்பைக் கூடைக்குள் போய், மேலே பூசணித் தோலும் விழுந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அதேதான்.

"சும்மா சுத்தம் பண்ணிட்டிருந்தேன் அத்தை" என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டு. பிறகு குரலைத் தாழ்த்தி, "அவர்கிட்ட சொல்லிடாதீங்க. பாவம், நம்ம உடம்புக்காகத்தானே இவ்ளோ பாடுபடறாரு."

"சொல்ல மாட்டேன். ஆனா அடுத்த வாரம் கூடையில போடாதே. பாதி எனக்கு வை."

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அவ்வளவு இரக்கம். எண்ணெய்க் கையாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ அத்தை. இன்னும் எதுக்கு எலும்பு? உங்களுக்குத்தான் கால் பீஸ் இருக்கே. எங்க வீட்ல நீங்க அப்படியெல்லாம் இருக்க வேண்டாம்."

"ஏம்மா, நீயே இப்ப அதைத்தானே தின்னே?"

"நான் ஆசைக்குத் தின்னேன் அத்தை. நீங்க வேற."

நான் வேறுதான். ஆசைக்குத் தின்கிறவர்களின் கணக்கிலேயே நான் வரவில்லை. இந்த வீட்டில் எனக்கு அறை இருக்கிறது, கட்டில் இருக்கிறது, திரை இருக்கிறது. கையிலிருப்பதை இடித்துத் தள்ளிப் பிடுங்கத்தான் ஆளில்லை. ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு கால்களைத் தின்றுகொண்டு, வாரம் முழுக்க அந்தப் பின்னறையில் தியாகியாக உட்கார்ந்திருக்க வேண்டும். என் வீட்டில் தனியாக இருந்தால் குழாயையாவது திட்டலாம்.

கூடத்தில் மகன் கூடையிலிருந்து என் கைபேசியை எடுத்து நீட்டினான். "என்னம்மா முடிவு பண்ணினே? அடுத்த வாரம் வண்டி சொல்லட்டுமா?"

"வேண்டாம்டா. நான் என் வீட்லயே இருந்துக்கறேன். ஞாயித்துக்கிழமை வர்றேன்."

"ஏம்மா?"

"எனக்கு அப்படித்தான் பிடிச்சிருக்கு."

அவன் மருமகளைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். இரண்டு பேருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது.

"நான் சொன்னேன்ல?" என்றான் அவளிடம். "நமக்குப் பாரமா இருந்துடக் கூடாதாம். அதுக்குத்தான்." சொல்லிக்கொண்டே வந்து என்னை அப்படியே கட்டிக்கொண்டான். "நீ மாறவே மாட்டம்மா."

அவன் நெஞ்சு என் காதுக்குப் பக்கத்தில் நன்றாக, ஆரோக்கியமாக அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கும் அவனிடம் ஒரு காரணம் இருந்தது.