நாலாவது கோடு

என் மகள் அறிவுச்செல்வி படிக்கும் பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் சீருடையை மாற்றினார்கள். ஏன் மாற்றினார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. போன வருஷத்துச் சட்டைகள் புதுசு போலப் பெட்டிக்குள் கிடக்கின்றன. பிள்ளைகளோடு விட்டார்களா? டீச்சர்களும் சேலைக்கு மேலே அதே கோடு போட்ட துணியில் மேல்கோட்டு மாட்டிக்கொண்டு வர வேண்டுமாம். துணியை அவர்கள் சொல்லும் ஒரே கடையில்தான் வாங்க வேண்டும் என்று சுற்றறிக்கை வேறு.

வாங்கினோம். ஆட்டையாம்பட்டியில் இருபது வருஷமாகத் தறி ஓட்டுகிறவள் நான். அந்தத் துணியைத் தொட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேருக்குக்கூட அதில் பஞ்சு இல்லை. சேலத்து வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போய்வந்த பிள்ளைக்கு ஒரே வாரத்தில் கழுத்தும் அக்குளும் சிவந்து தடித்துவிட்டன. சொறிந்து சொறிந்து புண். டாக்டர் பார்த்துவிட்டு, பருத்தியைத் தவிர எதையும் போடக்கூடாது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பருத்திதானே? என் வீட்டில் இல்லாததா? ஒரு சட்டையைப் பிரித்து இழை எண்ணினேன். வெள்ளைத் தரையில் நீலக் கோடு, ஒவ்வொரு நீலக் கோட்டுக்கும் இரண்டு பக்கமும் மெல்லிய சிவப்புக் கோடு. என் வீட்டுக்காரர் காளிதாஸ் அதே நிறத்தில் நூல் வாங்கி வந்து, நீளவாக்கு இழைகளை வரிசையாகச் சேர்த்துப் பாவு ஓட்டினார். நெய்து, தைத்து, பிள்ளைக்குப் போட்டுவிட்டேன். மிச்சமிருந்த இன்னொரு கடைச் சட்டையைத் தறிக்கு எண்ணெய் துடைக்க வைத்துக்கொண்டேன். அதுக்குத்தான் அது லாயக்கு.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கடைத் துணியில் ஒரு பிழை இருந்தது. ஒவ்வொரு நாலாவது நீலக் கோட்டிலும் வலதுபக்கச் சிவப்பு இல்லை. பாவு ஓட்டியவன் விட்டுவிட்டான், யாரும் பார்க்கவில்லை, அப்படியே ஆயிரக்கணக்கான மீட்டர் ஓடிவிட்டது. நான் நெய்தபோது எல்லாக் கோட்டுக்கும் இரண்டு சிவப்பும் வைத்தேன்; அதைத் திருத்துகிறோம் என்ற நினைப்புகூட எனக்கு வரவில்லை. தறிக்காரி எவளாவது தெரிந்தே இழையை விட்டு நெய்வாளா?

புதன்கிழமை அறிவு அழுதுகொண்டு வந்தாள்.

"கழுத்துப்பட்டையில கடை பேரு இல்லைன்னு சாரதாமணி மிஸ் கூப்பிட்டாங்கம்மா. சாம்பிள் துணியை வெச்சுப் பாத்தாங்க. கோடு வேறயா இருக்குதுன்னு நாள் முச்சூடும் ஆபீஸ் பெஞ்சுல உக்கார வெச்சுட்டாங்க. திங்கக்கிழமை அரையாண்டுப் பரீட்சை. இந்தச் சட்டையோட வந்தா ஹாலுக்குள்ள உட மாட்டாங்களாம்."

பத்தாம் வகுப்பு. திங்கட்கிழமை கணக்கு. ஆறாம் வகுப்பிலிருந்து கணக்கில் அவளை யாரும் தாண்டியதில்லை. அந்தப் பிள்ளையை ஒரு சிவப்புக் கோட்டுக்காக வெளியே உட்கார வைப்பார்களாம்.

வியாழக்கிழமை காலையில் தறியை நிறுத்திவிட்டு அஸ்தம்பட்டிக்குப் பஸ் ஏறினேன். தலைமையாசிரியர் முருகானந்தம் நல்ல மனிதர் மாதிரிதான் தெரிந்தார். பக்கத்தில் சீருடைக்குப் பொறுப்பான சாரதாமணி டீச்சர், கையில் சாம்பிள் துணி ஒட்டிய கோப்போடு நின்றார். மேல்கோட்டின் கழுத்துக்குள் ஒரு விரலை விட்டு விட்டு இழுத்துக்கொண்டே இருந்தார்.

இழை எண்ணும் கண்ணாடியை மேசையில் வைத்தேன்.

"ஏனுங்க சார், நீங்களே பாருங்க. மூணு கோட்டுக்கு ரெண்டு பக்கமும் செவப்பு இருக்குது. நாலாவதுக்கு மட்டும் ஒரு பக்கந்தான். இது டிசைன் இல்லீங்க. பாவுல உட்டுப்போன இழை. எம் புள்ளை சட்டைதானுங்க சரி."

அவர் பொறுமையாகப் பார்த்தார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பார்க்காமல் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா ஆயிரத்து இருநூறு பேரு இதைத்தான் போட்டிருக்காங்க. உங்க பொண்ணு ஒருத்திது மட்டும் வேற. அப்ப எதுங்க தப்பு?"

"புள்ளைக்குப் புண்ணாயிருக்குதுங்க. டாக்டர் சீட்டு இருக்குது."

"ஒரு சீட்டை ஒத்துக்கிட்டா நாளைக்கு நூறு சீட்டு வரும். பருத்தியோ என்னமோ, அதைப் பத்தி ரூல்ல ஒண்ணும் இல்ல. பாக்கறதுக்குச் சாம்பிள் மாதிரி இருக்கணும். அவ்வளவுதான்."

சாரதாமணி டீச்சர் வாயே திறக்கவில்லை. எனக்கு அவரைத்தான் முதலில் நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. அங்கிருந்து சீருடைக் கடைக்குப் போய்க் கேட்டேன். அறிவு அளவுச் சட்டை பரீட்சை முடிந்துதான் வருமாம்.

வேறு வழி? தறியில் மிச்சப் பாவு கொஞ்சம் இருந்தது. வெள்ளிக்கிழமை உட்கார்ந்து, நாலாவது கோடு வரும் இடமெல்லாம் சிவப்பு இழையை அறுத்து வெள்ளையைக் கட்டினேன். முப்பத்திரண்டு இடம். நல்ல துணியில் நானே பிழை போடுகிறேன். என் வாழ்நாளில் இப்படி ஒரு வேலை செய்ததில்லை. பாதியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காளிதாஸ் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். பேசியிருந்தால் அவருக்கும் கிடைத்திருக்கும்.

சனிக்கிழமை காலையில் ஒன்றரை மீட்டர் ஓடியிருந்தது. ராசிபுரத்தில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. தலையைக் காட்டாவிட்டால் பேச்சு வரும். தறியை அடுத்த வீட்டு ராமாத்தாளிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நானும் காளிதாஸும் போனோம். அவளும் பிறந்ததிலிருந்து தறிக்காரிதான். நம்பித்தான் போனேன்.

மதியம் திரும்பி வந்தால் வாசலிலேயே சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஏனக்கா, உங்களுக்குக் கண்ணு கின்னு மங்கிப்போச்சா? முப்பது எடத்துக்கு மேல செவப்பு இழை உட்டுப்போயிருக்குது. நீங்க பாட்டுக்கு ஓட்டிக்கிட்டு இருந்திருக்கறீங்க. நாந்தான் தறியை நிறுத்தி அத்தனையும் கட்டி உட்டேன். மிச்சம் சுத்தமா ஓடிருச்சு. பாவும் முடிஞ்சுது. ஊட்டுக்குப் போயிட்டு வாரேன்."

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். திட்டவும் முடியவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். இனிப் புதுப் பாவு ஓட்டி, அதைத் தறியில் பிணைத்து, நெய்யப் பொழுது ஏது?

கையில் இருந்தது பாதி பிழைத் துணி, பாதி நல்ல துணி. தையல்காரர் மாதேஷிடம் கொண்டுபோனேன். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு என்றவரைக் கெஞ்சித் தைக்க வைத்தேன். முன்பக்கமும் கையும் பிழைத் துணி, முதுகுக்கு நல்ல துணி.

திங்கட்கிழமை காலையில் சட்டையை மாட்டிவிட்டேன்.

"முதுகைக் காட்டாத சாமி. செவுத்தோரமாவே நட."

"நண்டு மாதிரியா போகச் சொல்றீங்க?" என்றாள். சிரிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது.

அன்றைக்கு எங்கள் இன்னொரு தறியில் எனக்கு நாலு இடத்தில் இழை அறுந்தது. மணி பத்தானது, பதினொன்றானது. பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் எடுப்பதா வேண்டாமா என்றுகூட யோசித்தேன். போன் வரவில்லை.

சாயங்காலம் பையை வீசிவிட்டு வந்தாள்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன். எல்லாக் கணக்கும் போட்டுட்டேன்."

எனக்கு மூச்சு வந்தது. பிறகு அவள் சொன்னாள். வாசலில் சாரதாமணி டீச்சர்தான் நின்றாராம். சாம்பிளை நெஞ்சுப் பக்கம் வைத்துப் பார்த்துச் சரி என்றாராம். இவள் சுவரோரம் நகர, "திரும்பு" என்றாராம்.

"திரும்பினேம்மா. முதுகை ஒரு தடவை தடவிப் பாத்தாங்க. 'அரிக்குதா?'ன்னு மெதுவாக் கேட்டாங்க. இல்லீங்க மிஸ்னேன். 'போ, கடைசி பெஞ்சுல போய் எழுது, பின்னாடி ஆரும் இருக்க மாட்டாங்க'ன்னாங்க."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அப்படியென்றால் எல்லாம் தெரிந்துதானே அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார்! என் பிள்ளையைப் பெஞ்சில் உட்கார வைத்ததும் அவர்தானே!

"பரீட்சை முடிஞ்சு என்னைத் தனியாக் கூப்பிட்டாங்கம்மா. மேல்கோட்டுக் கழுத்தை விலக்கிக் காட்டுனாங்க. எனக்கு இருந்ததை விட மோசமா இருக்குது. தோலே உரிஞ்சு கெடக்குது. உங்கம்மாகிட்ட ரெண்டு மீட்டர் கேட்டுப் பாக்கறியான்னாங்க."

"எங்கிட்டயா?" என்றேன்.

"நல்ல துணி வேண்டாமாம். நாலாவது கோட்டுல செவப்பு இல்லாம வேணுமாம். முதுகுலயும்."

அந்தக் கழுத்துக்குள் விரலை விட்டு விட்டு இழுத்ததைக் கண்ணால் பார்த்தேனே, எனக்கு ஏன் அன்றைக்கே உறைக்கவில்லை? என் மேலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது.

எழுந்து போய்க் காளிதாஸிடம் புதுப் பாவு ஓட்டச் சொன்னேன். நாலாவது கோட்டில் ஒரு சிவப்பை விட்டுவிட்டு ஓட்டுங்கள் என்றேன். பிறகு வாசலுக்கு வந்து அடுத்த வீட்டைப் பார்த்துக் கத்தினேன்.

"ராமாத்தா! இந்தப் பாவு தறியில ஏறுனதும் எந்தத் தறிப் பக்கம் வேணும்னாலும் போ. ஆனா என் தறியில ஒரு இழையைத் தொட்டீன்னா கையை ஒடிச்சுப்போடுவேன்!"