சூப்பர்வைசருக்கு ஓ.டி.

மயக்கம் கொடுத்த கழுதை தானாக எழுந்து நிற்கும்வரை டாக்டர் செந்தாமரை தேநீர் அருந்துவதில்லை. சிகிச்சை முடிந்ததும் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, படுத்திருக்கும் கழுதையின் தலைமாட்டில் அமர்ந்துவிடுவார். அந்த வாளியில் வேறு யாரும் உட்காரக் கூடாது. கொட்டகையில் யாரும் பேசவும் கூடாது. முதலில் காது அசைய வேண்டும், பிறகு கண் திறக்க வேண்டும், அதன் பிறகு கால்கள் பதறாமல் தரையைத் தேட வேண்டும். அதற்குள் உதவியாளன் ஜோயல் கொண்டுவந்த தேநீர் ஆறி ஆடை கட்டிவிடும்.

ஒரகடத்திலிருந்து மணிமங்கலம் போகும் வழியில் இருந்த அந்த விலங்குக் காப்பகத்தில், செந்தாமரை ஓர் ஒப்பீட்டில் இறங்கியிருந்தார். கழுத்து நரம்பில் மயக்க மருந்தை ஊசியாகப் போட்டு, தெளியத் தொடங்கும்போது மீண்டும் கொஞ்சம் போடுவது ஒரு முறை. மருந்துகளைக் கலந்து பாட்டிலில் தொங்கவிட்டு, அதே நரம்பில் சொட்டுச் சொட்டாக இறக்குவது மற்றொன்று. குதிரையும் கழுதையும் உறவுதான். ஆனாலும் குதிரையை நெடுநேரம் உறங்கவைக்கும் ஊசியைக் கழுதையின் உடல் விரைவிலேயே கரைத்துவிடும். எந்த முறையில் கழுதை அமைதியாக எழுகிறது என்பதே அவருடைய கேள்வி.

மாரியின் கழுதைக்கு இரண்டு முறைகளையும் பார்க்க வாய்ப்பு அமைந்தது. மாரி பக்கத்துத் தொழிற்சாலையின் கேன்டீனில் வேலை செய்பவர். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் தவறாமல் கேட்டில் வந்து நின்று கத்துவதால், கழுதைக்கு அவர் இட்ட பெயர் சூப்பர்வைசர். முதல் தடவை அதன் பல்லை ராவியபோது ஊசி முறை. கழுதை திடுக்கென்று விழித்து, தடுமாறி விழுந்து, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டது. மாரிக்குக் கண் கலங்கிவிட்டது.

பெட்டைகளைத் தேடி டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே ஓடுவதால் அதற்கு ஆண்மை நீக்கவேண்டியிருந்தது. “இன்னொரு தபா அது வுழுந்தா என்னால பாக்க முடியாது மேடம்” என்று மாரி மறுத்தார்.

“இந்தத் தடவை சொட்டு மருந்து. பதறாம எழுந்திரிக்கும். என்னை நம்புங்க மாரி.”

நம்பினார். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது செந்தாமரைக்கு ஒப்பீட்டைவிடப் பெரிதாகிவிட்டது.

ஆனால் சிகிச்சைக்குக் குறித்த காலையில், காப்பகத்து வேன் இறக்கிவிட்ட சூப்பர்வைசர் வயிறு புடைத்து நின்றது. வாயில் முட்டைக்கோஸ் இலை வேறு.

“ஒண்ணும் குடுக்காதீங்கன்னு நேத்து சாயந்திரம் போன்ல சொன்னேனா இல்லையா?”

வேனிலிருந்து இறங்கிய மாரி விழித்தார். “எங்கிட்ட யாரும் சொல்லலியே மேடம்.”

“சரிங்க மேடம்னு சொன்னீங்க! இப்ப இல்லைன்னு பொய் வேறயா? வயிறு நிறைஞ்ச கழுதையை மயக்கிப் படுக்கவெச்சா மூச்சு முட்டும். பொய் சொல்றவங்க இந்தக் கொட்டகைக்குள்ள வர வேணாம். வெளியே போங்க!”

ஜோயலும் மற்றப் பணியாளர்களும் பார்த்துக்கொண்டிருக்க, மாரி தலையைக் குனிந்தபடி கேட்டுக்கு வெளியே போய் நின்றார். சிகிச்சை தள்ளிப்போனது.

சற்று நேரத்தில் ஒரு பைக் வந்து நின்றது. தொழிற்சாலையின் சூப்பர்வைசர் ராஜசேகர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பசியில் முகம் கடுத்திருந்தது.

“என்னவே மாரி! எனக்கு இட்லி குடுக்கக் கூடாதுன்னு கேன்டீன்ல சொல்லி வச்சீராமே? ராத்திரியும் சாப்பாடு இல்ல, காலையிலயும் வெறும் தண்ணி!”

“ஆபீஸ் மேடம்தான் சார் போன் பண்ணாங்கோ. ‘நாளைக்கு சூப்பர்வைசருக்கு ஓ.டி. கீது, ஒண்ணும் சாப்புடக் குடுக்காதீங்க, தண்ணி மட்டும்’னு. சாப்பாடு வேணான்னது, கம்பெனில ரத்தம் டெஸ்ட் எடுக்கறாங்களே, அதுக்குன்னு நெனச்சேன்.”

“ஆபீஸ் மேடம் அப்படிச் சொல்லவே இல்லங்காவ!”

கொட்டகை வாசலில் நின்ற செந்தாமரைக்கு எல்லாம் கேட்டது. அது அவர் சொன்ன வாக்கியம்தான். மருத்துவருக்கு ஓ.டி. என்றால் அறுவை அரங்கு. இந்தச் சாலையில் மற்ற எல்லோருக்கும் அது கூடுதல் நேர வேலை. ‘மேடம் பேசறேன்’ என்று தொடங்கினாரே தவிர, எந்த மேடம் என்றும் சொல்லவில்லை, எந்தச் சூப்பர்வைசர் என்றும் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கழுதை கத்தியது. “சூப்பர்வைசரு, சும்மா இரு!” என்று பழக்க தோஷத்தில் அதட்டிய மாரி, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ராஜசேகர் கழுதையை மேலும் கீழும் பார்த்தார். “ஓகோ. நான் பட்டினி, ஐயா மட்டும் கோஸு தின்னாராக்கும்?” ஜோயல் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினான். ராஜசேகருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “ஏறும்வே வண்டில. முதல்ல எனக்கு இட்லி!”

செந்தாமரை வாயைத் திறப்பதற்குள் பைக் போய்விட்டது.

அடுத்த வாரம் சூப்பர்வைசர் வெறும் வயிற்றோடு வந்தது. மாரியைக் காணோம்.

“வெளிய நிக்கறார் டாக்டர். உள்ள வரக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றான் ஜோயல்.

அவர் நிதானமாகச் சிகிச்சையை முடித்தார். மருந்து சீராக இறங்கியது. கழுதை ஒருமுறைகூடத் திடுக்கிடவில்லை. குழாயைக் கழற்றிய பிறகு, வாளியைக் கவிழ்த்துப் போட்டவர் அதில் அமரவில்லை. கழுதை கண்ணில் படும் தூரத்திலிருந்த கேட்டருகே எல்லோரையும் அழைத்துப் போனார்.

“மாரி, இவங்க முன்னாடி உங்களைப் பொய்யன்னு சொன்னேன். இவங்க முன்னாடியே சொல்றேன்: நீங்க பொய் சொல்லல. சரியாச் சொல்லத் தெரியாதது நான்தான். என்னை மன்னிச்சிடுங்க.”

“அய்யே, இன்னா மேடம் நீங்க...” மாரிக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“உள்ள வாங்க. கண்ணு முழிக்கும்போது அதுக்கு உங்க முகந்தான் தெரியணும்.”

மாரியை அந்த வாளியில் உட்காரவைத்துவிட்டு, செந்தாமரை சுவரோரமாக நின்றுகொண்டார். கொட்டகையில் பேச்சில்லை. வெகுநேரம் கழித்துக் காது மெல்ல அசைந்தது. கண் திறந்தது. சூப்பர்வைசர் மாரியின் முழங்கையை முகர்ந்து பார்த்தது. பிறகு முன்னங்கால்களை ஊன்றி, அவசரமே இல்லாமல் எழுந்து நின்றது.

ஜோயல் தேநீரை நீட்டினான். செந்தாமரை அதை வாங்கி, முதலில் மாரியிடம் கொடுத்தார்.