நாற்பது நொடி இருட்டு

'உப்புத் திமிங்கலம்' வெளிவந்து நாற்பது வருஷம் ஆகப்போகிறது, பிப்ரவரியில் அதை மறுபடியும் அரங்குகளில் போடப்போகிறோம், என்னென்ன வேண்டும் என்று நீங்களே எழுதுங்கள் என்று படக் கம்பெனி கேட்டபோது ஆறாயிரத்துச் சொச்சம் பேர் எழுதினார்கள். பழைய சுவரொட்டியை அப்படியே அச்சடியுங்கள் என்றார்கள் சிலர். நிறத்தைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கித் தொலைக்காதீர்கள் என்றார்கள் சிலர். ஜப்பானின் நாகஓகாவில் சென்பெய் என்னும் அரிசி பிஸ்கட் சுடும் தொழிற்சாலையில் வேலை பார்த்த தொகியே எழுதியது இவ்வளவுதான்:

"கடைசிப் பாட்டு முடிந்த பிறகு, திரை கறுத்து, நாற்பது நொடி அலைச்சத்தம் மட்டும் வரும். டிவியிலும் பிறகு வந்த வட்டுகளிலும் அதை வெட்டிவிட்டீர்கள். அதைத் திருப்பித் தாருங்கள். அது முடியும்வரை அரங்கில் எந்த விளக்கையும் போடாதீர்கள்."

ஒன்பது வயதில் அம்மாவோடு கொகுராவில் அந்தப் படத்தை முதல்முறை பார்த்தபோது அந்த இருட்டில் அவள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தாள். உப்பாலான அந்தத் திமிங்கலம் கடலில் கரைந்துவிட்டதா, இன்னும் நீந்துகிறதா என்று படம் சொல்லவில்லை. அலையைக் கேட்டு நீயே முடிவு செய்துகொள் என்று விட்டுவிட்டது.

டிசம்பரில் கம்பெனி நூறு ஆசைகளைத் தேர்ந்தெடுத்து இணையப் பக்கத்தில் போட்டது. எழுபத்து மூன்றாவது அவளுடையது. புனைபெயர் 'உப்புக்கல்'. அதற்குப் பக்கத்தில், நாகஓகா இருக்கும் மாநிலத்தின் பேர், நீகாதா. கீழே சிவப்பு எழுத்தில், 'இந்த ஆசை நிறைவேறுகிறது'.

சுடும் வரிசையில் பக்கத்தில் நிற்கும் மிசுயோ, சாப்பாட்டு இடைவேளையில் போனை வாங்கிப் பார்த்தாள்.

"ஆறாயிரம் பேர்ல நூறா? பெரிய ஆளாயிட்டடி. ஆனா இது என்ன ஆசை? காசு குடுத்து இருட்டுல உக்காரணும்னு கேக்குறே?"

"நீ அந்தப் படத்தைப் பார்த்ததில்ல."

"நான் பார்த்தா தூங்கிடுவேன். விளக்கு வேற போடலேன்னா மறுநாள்தான் எழுப்பணும்."

தொகியே சிரித்தாள். மாநிலத்தின் பேரைப் பார்த்தபோது மட்டும் பழைய பயம் ஒன்று எட்டிப்பார்த்தது. பதினொரு வருஷம் ஆகிவிட்டது என்று அதைத் தள்ளிவிட்டாள்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் கொகுராவில் அவளுக்கு ஒரு புருஷன் இருந்தான். குனிஹிகோ. கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவன். இரும்புக் குழாய்களைத் தோளில் தூக்கிப் பழகிய கை. கல்யாணமான மூன்றாம் மாதம் அந்தக் கை முதல்முறை அவள் காதில் இறங்கியது. ஒருநாள் பழைய வீடியோ நாடாவில் அவள் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "படம்தான் முடிஞ்சுருச்சே, அணை" என்றான் அவன். "இன்னும் நாப்பது செகண்ட்" என்றாள் அவள். அவன் நாடாவைப் பிடுங்கிச் சுவரில் அடித்து நொறுக்கினான். பொறுக்கக் குனிந்தவளின் இடது கை கதவு நிலையில் இருந்தது. தள்ளுகதவை ஓங்கி இழுத்துச் சாத்தினான். மோதிர விரலும் சுண்டுவிரலும் முறிந்து, கோணலாகவே ஒட்டின. இரண்டு வருஷம் கழித்து, கொதிக்கிற இரும்புக் கெண்டியால் முதுகில் அடித்த அன்றைக்குத்தான் அவள் செருப்புகூடப் போடாமல் வெளியே ஓடினாள். அடைக்கலம் தந்த பெண்கள் இல்லத்தார் குடும்ப நீதிமன்றம் மூலம் விவாகரத்து வாங்கிக் கொடுத்தார்கள். அவள் முகவரியை யாருக்கும் தராதபடி நகராட்சியில் எழுதிவைத்தார்கள். அவனுக்குக் கொஞ்சமும் ஆகாத பனி ஊராகப் பார்த்து அவள் நாகஓகாவுக்கு வந்து சேர்ந்தாள்.

முகவரி இல்லாமலே கண்டுபிடிக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. நீகாதா மாநிலத்தில் அந்தப் படம் ஒரே ஒரு அரங்கில்தான் வந்தது. அதுவும் ஒரே ஒரு வாரம்.

முதல்நாள் சனிக்கிழமை, காலைக் காட்சி பத்து இருபதுக்கு. முழங்கால் அளவு பனி. வாசலில் எழுபது, எண்பது பேர் குடையோடு நின்றார்கள். முக்கால்வாசிப் பேர் முகக்கவசம் போட்டிருந்தார்கள். குளிர்காலத்தில் அது வழக்கம்தான். தொகியேவுக்கு முன்னால் நின்றவர் இகராஷி. நகரசபையின் பனி தள்ளும் வண்டியை ஓட்டுகிறவர். ஐம்பத்தைந்து வயது, அலமாரி மாதிரி உடம்பு, யாராவது சத்தமாகப் பேசினாலே தலையைக் குனிந்துகொள்கிற சுபாவம். இதே அரங்கின் தேநீர்க் கடையில் மாதம் ஒருமுறை கூடுகிற ரசிகர் கூட்டத்தில்தான் அவருடன் பழக்கம்.

"தொகியேசான், உங்க புண்ணியத்துல இன்னைக்கு இருட்டுல உக்காரப்போறோம்."

"நீங்களும் எழுதினீங்கன்னு சொன்னீங்களே, என்ன எழுதினீங்க?"

"திமிங்கலம் மாதிரி டப்பாவுல சோளப்பொரி விக்கணும்னு எழுதினேன். கண்டுக்கல."

"நல்ல ஆசைதானே."

"அதான் எனக்கும் புரியல. உப்பு தூக்கலா இருக்கணும்னுகூட எழுதினேன்."

இருக்கை எண் இல்லாத பழைய அரங்கு. தொகியே நடுவில் ஒரு வரிசையில், ஓரத்திலிருந்து இரண்டாவது இருக்கையில் உட்கார்ந்தாள். இகராஷி பின்னால் இருப்பவர்களுக்குத் தன் தலை மறைக்குமே என்று ஓரமாக, அவளுக்கு ஒரு வரிசை முன்னால் போய் உட்கார்ந்தார். பணிப்பெண் முன்னால் வந்து, ரசிகர் ஒருவரின் ஆசைப்படி கடைசிவரை விளக்குகள் போடப்பட மாட்டா, கதவுகளின் மேலுள்ள பச்சை விளக்குகளும் அணைக்கப்படும் என்று சொல்லிக் குனிந்து வணங்கினாள். எல்லோரும் கைதட்டினார்கள். தொகியேவுக்குக் காது சிவந்தது.

பாதிப் படத்தில், சிறுமி திமிங்கலத்தின் முதுகை நக்கிப்பார்க்கும் இடத்தில், அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு கற்பூர வாடை வந்தது. இடுப்பு வலிக்கு ஒட்டிக்கொள்ளும் பட்டையின் வாடை. குனிஹிகோ எப்போதும் ஒட்டியிருப்பான். அவள் சால்வையை இழுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள். பிறகு, இந்த ஊரில் பனி வாரிக் கொட்டாத இடுப்பு ஏது, பாதிப் பேர் இதைத்தான் ஒட்டியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தொப்பியும் முகக்கவசமும்தான் தெரிந்திருக்கும்.

கடைசிப் பாட்டு ஓய்ந்தது. பெயர்கள் ஏறி மறைந்தன. திரை கறுத்தது. பச்சை விளக்குகள் ஏற்கெனவே இல்லை. தன் கை தனக்கே தெரியாத இருட்டு. முதல் அலை வந்து உடைந்தது.

அவள் கழுத்தில் இருந்த சால்வை பின்னாலிருந்து இழுபட்டது.

முதலில் ஏதோ மாட்டிக்கொண்டது என்று நினைத்தாள். அடுத்த இழுப்பில் தலை இருக்கையின் மேல்விளிம்பில் போய் இடித்தது. சால்வை ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டது. காதருகே, கவசத்துக்குள்ளிருந்து, அவள் பதினொரு வருஷமாகக் கேட்காத குரல்.

"நாப்பது செகண்ட் கேட்டியே. இந்தா, வச்சுக்கோ."

கத்த வாய் திறந்தது, காற்று வரவில்லை. இரண்டாவது அலை உடைந்தது. சுற்றிலும் எண்பது பேர் அசையாமல், தும்மக்கூட பயந்துகொண்டு அலையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் சால்வைக்குள் விரல் நுழைக்கப் பார்த்தாள். கோணல் விரல்கள் இரண்டும் வழுக்கின. கண்ணுக்குள் மஞ்சள் பொறி பறந்தது. அவன் முழங்காலை இருக்கையின் முதுகில் ஊன்றி, சாரத்தில் கயிறு இறுக்குகிறவன் மாதிரி இழுத்தான்.

அவள் காலால் முன் இருக்கையை உதைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"யாருப்பா அது, சும்மா இருங்க" என்றது ஒரு குரல்.

நாலாவது உதையில் மரம் முறிந்தது. இகராஷி திரும்பினார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் உதைத்த கால் நடுங்கி ஓய்வதும், தொண்டையிலிருந்து வந்த கரகரப்பும் காதில் விழுந்தன. அவர் இருக்கையின் மேலேறி, தொகியே உட்கார்ந்திருந்த பக்கம் இருட்டில் கையை நீட்டித் துழாவினார். முதலில் அவள் முகம், பிறகு இறுகிய துணி, பிறகு ஒரு ஆணின் மணிக்கட்டு.

"யாரு நீ? விடு. விடுன்னா விடு."

குனிஹிகோ ஒரு கையை விட்டான். அந்தக் கை திரும்பி வந்தபோது அதில் மீன் அறுக்கும் கத்தி இருந்தது. இகராஷியின் வலது உள்ளங்கையில் நுழைந்து கட்டைவிரலின் அடியில் வெளியே வந்தது. அவர் சத்தம் போடவில்லை. பனி வண்டியின் நெம்புகோலைப் பிடிக்கிற மாதிரி, குத்தியவனின் கையையும் கத்தியையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சூடாக ரத்தம் தொகியேவின் தலையில் ஒழுகியது.

சால்வை தளர்ந்தது. காற்று உள்ளே வந்தது, கூடவே கற்பூர வாடையும். பக்கத்து இருக்கையில் வைத்திருந்த எஃகுக் குடுவை, வாற்கோதுமைத் தேநீர் நிறைந்தது, அவள் கைக்குத் தட்டுப்பட்டது. இருக்கையில் முழங்காலிட்டுத் திரும்பி, அந்த வாடை எங்கிருந்து வந்ததோ அங்கே அடித்தாள். எலும்பில் பட்டது. மறுபடி அடித்தாள். ஈரமான எதிலோ பட்டது. அவன் "அடியே" என்று ஏதோ சொல்ல வந்தான், அந்த வாயில் அடித்தாள். பற்கள் குடுவையில் உரசின. அவன் இரண்டு வரிசைக்கு நடுவில் சரிந்தான். அவளும் இருக்கையைத் தாண்டி அவன்மேலே விழுந்து அடித்தாள்.

கடைசி அலை ஓய்ந்து விளக்குகள் எரிந்தன.

எண்பது பேர் பார்த்தது இதைத்தான்: ஒரு பெண் தரையில் கிடக்கும் ஒருவனின் நெஞ்சில் உட்கார்ந்து, நசுங்கிய குடுவையை ஓங்குகிறாள். பக்கத்தில் ஒரு பருமனான மனிதர் கையில் கத்தியோடு, தன் ரத்தத்தைத் தானே பார்த்தபடி நிற்கிறார். பணிப்பெண் வீரிட்டாள். இரண்டு கல்லூரி மாணவர்கள் ஓடிவந்து தொகியேவின் கையைப் பிடித்தார்கள். அவள் அவர்களில் ஒருவனைக் கடித்தாள். தன்னைப் பிடித்தது யார் என்று தெரிந்த பிறகுதான் குடுவையை விட்டாள்.

போலீஸ் வந்தது. மருத்துவமனையில் அவள் கழுத்தின் ஊதா வளையத்தைப் படம் எடுத்துக்கொண்ட பெண் போலீஸ் அதிகாரி கேட்டாள்.

"எத்தனை தடவை அடிச்சீங்க?"

"தெரியல."

"டாக்டர் ஏழு தடவைங்கிறார். கடைசி ரெண்டு, அந்த ஆளுக்கு நினைவு போன பிறகு பட்டிருக்கலாங்கிறார்."

"இருட்டா இருந்துச்சு" என்றாள் தொகியே. அது உண்மைதான்.

குனிஹிகோவின் தாடை மூன்று இடத்தில் உடைந்திருந்தது. இடது கண் போய்விட்டது. கழுத்துத் தடமும் கத்தியும் இருந்ததால் அவள்மேல் வழக்கு போடுவதில்லை என்று அரசு வக்கீல் முடிவுசெய்தார். இகராஷிக்குக் கட்டைவிரல் நரம்பு அறுந்திருந்தது. அந்த வருஷத்தின் மிகப் பெரிய பனிப்பொழிவு அதற்கடுத்த வாரம்தான். ஊரே தெருவில் சிக்கித் தவித்தபோது அவர் மருத்துவமனைப் படுக்கையில் ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தார்.

"முப்பது வருஷத்துல எனக்குக் கிடைச்ச முதல் குளிர்கால லீவு" என்றார், பார்க்கப்போன மிசுயோவிடம்.

கம்பெனி மற்ற அரங்குகளில் அந்த நாற்பது நொடியை நிறுத்திவைத்தது. ரசிகர்கள் மறுபடியும் எழுதினார்கள், இந்த முறை ஒருவரையொருவர் திட்டி. ஒரு பைத்தியக்காரன் செய்ததற்குப் படத்தை ஏன் வெட்டுகிறீர்கள் என்றார்கள். இருட்டு கேட்டவளே இதற்குப் பொறுப்பு என்றும் சிலர் எழுதினார்கள். அதை மிசுயோ படித்துவிட்டுப் போனைத் தொழிற்சாலைச் சுவரில் எறிந்து உடைத்தாள். கடைசியில் கம்பெனிக்காரர்கள் மிகுந்த மரியாதையோடு தொகியேவுக்கே கடிதம் எழுதிக் கேட்டார்கள். அவள் மூன்று நாள் யோசித்துப் பதில் போட்டாள். "அலைச்சத்தம் இருக்கட்டும். கதவுக்கு மேலே இருக்கும் பச்சை விளக்கை மட்டும் அணைக்காதீர்கள்." அப்படியே செய்தார்கள்.

ஜூலையில் தீர்ப்பு. எட்டு வருஷம். குனிஹிகோ ஒற்றைக்கண்ணால் நீதிபதியைப் பார்த்து, சரியாக மூடாத தாடையோடு சொன்னான்.

"நான் தேடிப் போகல. அவதான் கூப்பிட்டா. மாநிலத்துப் பேரோட எழுதி வச்சிருந்தா. எனக்குத்தான் எழுதினா."

தொகியே மறைப்புத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டாள். அவள் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று.

திரும்பும்போது இகராஷி தன் சின்ன லாரியில் கூட்டிப்போனார். வலது கட்டைவிரல் முழுதாக மடங்காததால் நான்கு விரலால் சக்கரத்தைப் பிடித்திருந்தார். இரண்டு பக்கமும் நெல் பச்சையாக நின்றது. 

"இகராஷிசான், போலீஸ்ல நான் ஒண்ணு சொல்லல."

"ம்."

"அவன் அசையாம போனது எனக்குத் தெரியும். இருட்டுலயும் தெரிஞ்சுது. அதுக்கப்புறமும் அடிச்சேன். ரெண்டு இல்ல, இன்னும் கூட இருக்கும். நிறுத்த மனசு வரல."

அவர் வண்டியை ஓரங்கட்டினார். தலையைக் குனிந்துகொண்டார், யாரோ சத்தம் போட்ட மாதிரி.

"தெரியும். நான் பக்கத்துலதானே நின்னேன். சத்தம் கேட்டுச்சு. போதும்னு சொல்லணும்னு வாயைத் தொறந்தேன்."

"சொன்னீங்களா? எனக்குக் காதுல விழலையே."

"சொல்லல" என்றார் இகராஷி. "அதை நானும் போலீஸ்ல சொல்லல."

எதிரே ஒரு அறுவடை இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு வண்டி ஒன்று போயிற்று. அது கடந்துபோகும்வரை காத்திருந்தார்.

"பசிக்குதா? பாலத்துக்கிட்ட ஒரு கடை இருக்கு. குளிர்ந்த சோபா நூடுல்ஸ் நல்லாயிருக்கும்."

"பசிக்குது" என்றாள் தொகியே. அப்போதுதான் அது அவளுக்கே தெரிந்தது. காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.