வாடை இல்லாத மூன்று

தையல்கடையிலிருந்து மதியம் வீட்டுக்கு வந்தவள், சமையலறை ஜன்னலோரக் கூடையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். தோட்டத்தில் தோண்டியெடுத்துக் காயவைத்த பன்னிரண்டு கிழங்குகளில் எட்டுதான் இருந்தன. பன்னிரண்டில் ஒன்பது அவள் ஆசை ஆசையாக வளர்க்கும் பூவெங்காயம். பந்து பந்தாக ஊதா நிறத்தில் பூக்கும். மற்ற மூன்று நர்கிஸ் என்ற பூச்செடியின் கிழங்கு. பார்வைக்கு வெங்காயத்தின் உடன்பிறப்பு, உள்ளே விஷம். நறுக்கினால் வெங்காய வாடை வராது, அது ஒன்றுதான் வித்தியாசம். அப்புறம் பிரித்துக்கொள்ளலாம் என்று ஒன்றாகப் போட்டு வைத்தது அவளுடைய சோம்பேறித்தனம்.

மாமனார் தட்டை வழித்துக்கொண்டிருந்தார்.

"வெங்காயம் தீந்துபோச்சேன்னு அதுல நாலு எடுத்து வதக்கினேம்மா. லேசாக் கசந்துச்சு."

"நறுக்கும்போது வாடை வந்துச்சா மாமா?"

"பொடி போட்டுப் போட்டு என் மூக்கு செத்து இருபது வருஷமாச்சு."

தோலெல்லாம் சாக்கடையோடு போயிருந்தது. வாணலியையும் கழுவி வைத்திருந்தார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். வர அரை மணி ஆகும் என்றார்கள். எதைச் சாப்பிட்டார் என்று உறுதியாகத் தெரிந்தால் நல்லது என்றார்கள். மீதி எட்டையும் நறுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் போன வருஷக் காய்ச்சலில் அவள் மூக்கும் போய்விட்டது. கணவன் லாரியோடு எங்கோ ஓடிக்கொண்டிருந்தான்.

பக்கத்து வீட்டில் இருந்தது நாத்தனார். "எங்கப்பாவை நீ சாகடிக்காம விடமாட்டே" என்று சொல்லிவிட்டுப் போனவள், ஆறு மாதமாக முகம் பார்க்கவில்லை. இவளும்தான்.

சுவரோரம் நின்று கூப்பிட்டாள். "அண்ணி, சீக்கிரம் வாங்க. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

விஷயத்தைக் கேட்ட நாத்தனார் நேரே சமையலறைக்குப் போய்க் கூடையின் முன்னால் நின்றாள். இவள் நறுக்கி நீட்ட, அவள் முகர்ந்தாள்.

"வெங்காயம்." அடுத்தது. "வெங்காயம்." மூன்றாவதில் வாடை இல்லை. தனியே வைத்தார்கள். ஆறாவதிலும் இல்லை. ஏழாவது வெங்காயம். கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுக, "எல்லாம் குழம்புது, இரு" என்று நாத்தனார் வாசலுக்கு ஓடி மூச்சை இழுத்துவிட்டு வந்தாள்.

எட்டாவதில் வாடை அடித்தால், மூன்றாவது நர்கிஸ் மாமனார் வயிற்றில். கத்தி வழுக்கி இவள் விரலில் ரத்தம் கசிந்தது. பிளந்த கிழங்கை நாத்தனார் முகர்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி முகர்ந்தாள்.

"இல்ல. வாடையே இல்ல." குரல் உடைந்தது. "மூணும் இங்கதான் இருக்கு."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இவள் அவளுடைய தோளில் கை வைத்தாள். தோள் விலகவில்லை, சாயவும் இல்லை.

தெருமுனையில் சைரன் கேட்டது. எதற்கும் ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்றார்கள் இருவரும். மாமனார் நல்ல சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து நின்றார், பொத்தானெல்லாம் ஒன்று தள்ளிப் போட்டபடி. இரண்டு பெண்களின் கைகளும் ஒரே பொத்தானுக்குப் போயின.