தானாகக் காய்கிற பிரஷ்

1

முதலில் ஒப்புதல் வாக்குமூலம். இந்தக் கதை ஓர் அவமானத்தில் பிறந்தது.

ஏழு ரோடு முக்கில் ஒரு டீக்கடை. என்னைப்போலவே பென்ஷன் வாங்கிக்கொண்டு பொழுதைத் தள்ளும் நாலு பேர். பெரும்பாறைத் தோட்டத்தில் ஒரு சிறுத்தை என் தம்ளர் காப்பியைக் குடித்துவிட்டு, சீனி போதாது என்பதுபோல் முகத்தைச் சுளித்த சம்பவத்தைச் சொன்னேன். நம்பினார்கள். ஞானவேல் மட்டும், "ஆணா பொண்ணா?" என்று விவரம் கேட்டார். அதே மூச்சில், எண்பத்தொன்றாம் வருஷம் ஒருவர் தம் ஷேவிங் பிரஷ்ஷைக் கரியடுப்பின்மேல் காயவைத்து உருக்கிவிட்டார் என்றேன். நாலு பேரும் சிரித்தார்கள்.

"ஏலே, அளந்தாலும் ஒரு அளவு வேணாமா?" என்றார் ஞானவேல்.

உண்மையைச் சொல்லி அவமானப்பட்டது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. அதனால் எழுதிவைக்கிறேன். மிகைப்படுத்துவதில்லை என்று தீர்மானம். மீறும் இடங்களில் அடைப்புக்குறிக்குள் மன்னிப்பு இருக்கும்.

2

முதல் தொடக்கம்: மலையெங்கும் மூடுபனி கவிந்திருந்த அந்த ஆகஸ்ட் மாதக் காலையில்—

வேண்டாம். கொடைக்கானல் என்றதும் பனியைக் கூப்பிடுவது, கல்யாணம் என்றதும் மேளத்தைக் கூப்பிடுவது மாதிரி. சொல்லாமலே வரும்.

இரண்டாம் தொடக்கம்: ஜோசப்பின் அதுவரை நானூறு வயிறுகளைச் சிரைத்திருந்தாள்; ஒரு முகத்தைக்கூடச் சிரைத்ததில்லை.

இது இருக்கட்டும். (நானூறு இல்லை. நூற்றுச்சொச்சம்.)

ஜோசப்பின் மிஷன் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. அறுவைக்குப் போகிறவர்களின் வயிற்றைச் சோப்புப் போட்டு மழித்து அனுப்புவது அவள் சோலி. அவள் புருஷன் பரமானந்தம், ஏரிப் பக்கத்து விடுதி ஒன்றில் பதினெட்டு வருஷமாக வரவேற்பு மேசையில் நிற்பவர். விடுதியின் பெயரைச் சொல்லமாட்டேன். கோட்டு, டை, வழித்த முகம். இந்த மூன்றும் இல்லாமல் அந்த மேசைக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

ஜூன் மாதம் பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. நடுக்கம் மட்டும் போகவில்லை. கையில் பிளேடு பிடித்தால் முகத்தில் வரைபடம் விழும். விஷயம் விடுதிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று வலது கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு ஜமீன்தார் மாதிரி நின்றார். இடது கையால் சாவி கொடுப்பது மரியாதையில்லையே? பித்தளைத் தட்டு ஒன்றில் சாவியை வைத்து, தட்டை இடது கையால் மெல்ல நகர்த்தினார். வந்தவர்கள் அதைச் சீமை மரியாதை என்று நினைத்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

ஆக, முகத்தை வழிக்கும் பொறுப்பு ஜோசப்பினுக்கு வந்தது. தினமும் வெள்ளனே, கதவைத் தாழ்போட்டுவிட்டு.

"வயித்துல கண்ணு மூக்கு இருக்காதுங்க. இங்கின எங்கிட்டுத் திரும்பினாலும் ஒரு முட்டு" என்றாள் முதல்நாள்.

"வெரசா முடி. என்னைய ஆப்பரேசனுக்கா அனுப்பப்போற?"

3

இந்தக் கதையின் வில்லன் பழைய பிரஷ். பன்றிமுடி, மரக்கைப்பிடி. இந்த ஊரில் ஜூனில் நனைந்தது ஜனவரியில்தான் காயும். (அக்டோபரில்.) ஆகவே மழைக்காலத்தில் எல்லா வீட்டிலும் கரியடுப்பின்மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் உள்பாடி, காலுறை, பிள்ளைகளின் சீருடை எல்லாம் காயப்போடுவார்கள். பரமானந்தம் அந்தக் கூடை விளிம்பில் தம் பிரஷ்ஷையும் கம்பியில் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவார். கை முறிந்ததிலிருந்து அதை மறந்துபோனார். பிரஷ்ஷின் அடியில் பூஞ்சணம் பிடித்தது. ஜூலைக் கடைசியில் அவர் தாடையெல்லாம் சிவந்து, படைபடையாகத் தடித்தது.

ஊர் நாவிதர் வேலுச்சாமி பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "கோவிச்சுக்காதீங்க சார். ஒங்க மூஞ்சியில வச்ச பிரஷ்ஷ அப்பறம் யாரு மூஞ்சியில வைக்க? ஆறட்டும், வாங்க."

விடுதி மேனேஜர் சேனாதிபதி கும்பிடவில்லை. "பரமானந்தம், செகண்ட் சீசனுக்கு கவுண்டர்ல யாருன்னு முடிவு பண்ண முதலாளி வாராரு. வார திங்கள் இல்ல, அதுக்கடுத்த திங்கள். மூஞ்சி இப்பிடியே கெடந்துச்சுன்னா நான் ஒண்ணும் பேச முடியாது. அதுவரைக்கும் ஸ்டோர்ல பெட்ஷீட்டப் பாத்துக்கங்க. அப்பறமும் அங்கினதான் ஆனாலும் ஆகும்."

வீட்டுக்கு வந்து பரமானந்தம் சொன்னது இவ்வளவுதான்: "வெள்ளத்துணிக்கு நடுவுல படுத்துக் கெடக்க நான் என்ன பொணமா?"

4

(இந்த இடத்தில் எனக்குப் பரமானந்தத்தின்மேல் ஒரு சந்தேகம் வந்தது. கை நடுங்குகிறது என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே? இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். பிறகு, கண் மங்கிய கடைசி இரண்டு வருஷம் எழுத்து கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஆபீஸில் நான் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. தொடர்கிறேன்.)

ஆஸ்பத்திரி நர்ஸ் சகாயராணி, புருஷனை விட்டுவிட்டுப் பிரஷ்ஷைக் கொண்டுவரச் சொன்னாள். மோந்து பார்த்தாள். "இதுல காளான் பறிக்கலாம் ஜோசப்பினக்கா. அடுப்புல போடுங்க. நைலான் வாங்குங்க, அது தண்ணி குடிக்காது, தானாக் காஞ்சிரும்."

ஜோசப்பின் அன்றே பழையதை எரித்தாள். அதன் நாற்றம் வெள்ளகவி வரைக்கும் போயிற்று. (பக்கத்து வீடு வரைக்கும்.)

கந்தவேல் கடையில் மூன்று பிரஷ் இருந்தன. மேசைமேல் வரிசையாக நிறுத்தினான்.

"இது பன்னிமுடி. இது பேட்ஜர், அக்கா, சீமை மிருகம். கரடிக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு வச்சுக்கங்க. இது நைலான்."

"நைலான் எந்த மிருகம்?"

"மிருகமே இல்லக்கா. கம்பெனி."

ஜோசப்பின் தண்ணீர் கேட்டாள். மூன்றையும் செம்பில் முக்கி ஒவ்வொன்றாக உதறினாள். பன்றி, ஐந்து உதறலுக்குப் பிறகும் சொட்டியது. சீமைக்காரன் மொத்தச் செம்பையும் குடித்துவிட்டுச் சும்மா இருந்தான். நைலான் இரண்டே உதறலில் வெளுத்து நின்றது. அந்த இரண்டாவது உதறலின் தண்ணீர் கந்தவேலின் கண்ணாடியில் போய் விழுந்தது. அடுத்து, அங்கே இருந்தவர்கள் யாரும் மறக்காத காரியம் ஒன்றைச் செய்தாள். சேலைத் தலைப்பால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூன்றையும் தன் கன்னத்திலேயே தேய்த்துப் பார்த்தாள். வயிற்றுக்குப் பன்றிமுடி போதும். தடித்துச் சிவந்த தாடைக்கு எது குத்தும், எது குத்தாது என்பதை வேறெங்கே வைத்துப் பார்ப்பது?

அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்த திருமலைச்சாமிக்கு வாய் சும்மா இருக்குமா? "என்ன ஜோசப்பினு, தாடி மொளச்சிருச்சா?"

"ஒங்களுக்குத்தான் இன்னும் மொளைக்கல மாமா. அந்தக் கவலையிலதான் வாங்குறேன்."

நைலான் கொஞ்சம் குத்தியது. துடைப்பக்குச்சி அளவுக்கு இல்லை; வெட்டிய புல் அளவுக்கு. பேட்ஜர் பூனைக்குட்டிதான். ஆனால் பூனைக்குட்டி இந்த ஊரில் காயாது. நைலானை எடுத்தாள்.

5

இங்கே கதையை நிறுத்தி நைலானைப்பற்றி இரண்டு வார்த்தை.* பன்றிமுடி தண்ணீரை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். நைலான் வாங்காது, முடிக்கும் முடிக்கும் நடுவில் நிற்பதுதான் அதன் தண்ணீர். பழைய பழக்கத்தில் முழுசாக முக்கினால் நுரை வராது, மழைதான் வரும். முதல்நாள் பரமானந்தத்தின் பனியன் நனைந்தது. வட்டமாகச் சுழற்றியதில் ஒரு சொட்டு தெறித்து இருதய ஆண்டவர் படத்தின் கண்ணாடிக்குப் போனது. ஜோசப்பின் சிலுவை போட்டுவிட்டுத் துடைத்தாள்.

மூன்றாம் நாள் பிடிபட்டது. நுனியை மட்டும் நனைக்கணும். இரண்டு உதறு. சோப்பில் சுழற்றி, முகத்தில் சுழற்றாமல், சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதுபோல் மேலும் கீழும் இழுக்கணும். நுரை கெட்டித் தயிராக நின்றது. வேலை முடிந்ததும் மூன்று உதறல்; மத்தியானத்துக்குள் பிரஷ் எலும்பாகக் காய்ந்துவிடும். ஒரு வாரத்தில் தாடைச் சிவப்பு வெளுத்தது.

* அடிக்குறிப்பு: இந்தப் பகுதியை வெட்டச் சொன்னார் ஞானவேல். அவர் இன்னும் பன்றிமுடிதான். அவர் தாடையைப் பார்த்தாலே தெரியும்.

6

மறுநாள் முதலாளி வருகிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஜோசப்பின் கோயிலுக்குப் போயிருந்தாள். பரமானந்தம் சும்மா உட்கார்ந்திருக்க முடியாத மனுஷர். வீட்டுக்காரி ஜூனிலிருந்து தனக்குச் செய்கிறாள், தானும் ஏதாவது செய்யவேண்டும். பிரஷ்ஷைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது. ஆனால் கொடைக்கானலில் தானாகக் காய்கிற பொருள் ஒன்றை அவர் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் ஒளிந்திருக்கும். காலுறையில் அவர் அறிந்த உண்மை இது. கரி போட்டு, கூடையைக் கவிழ்த்து, விளிம்பில் கம்பி கட்டினார். கை நடுங்கியதில் கம்பி இறங்கிப்போய்த் தணலுக்கு நாலு விரல்கடை மேலே தொங்கியது.

ஜோசப்பின் வந்தபோது, கம்பியில் ஒரு கைப்பிடியும் அதன் நுனியில் சுருண்டு கட்டியாகிப்போன ஒரு வெள்ளை உருண்டையும் இருந்தன.

(ஞானவேல் கவனிக்க. இதுதான் அது.)

"காயவச்சேன்" என்றார் பரமானந்தம்.

"காஞ்சதையா?"

"உள்ள ஈரம் இருக்கும்னு..."

ஜோசப்பின் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கந்தவேல் ஞாயிறுதோறும் பழனிக்கு மாமியார் வீட்டுக்குப் போகிறவன். திங்கள் மத்தியான பஸ்ஸில்தான் வருவான். முதலாளி காலை ஒன்பதுக்கு.

"நான் ஸ்டோருக்கே போறேன் புள்ள."

"வாய மூடுங்க. சோப்பு உருகலைல்ல?"

7

முடிவு ஒன்று: விடுதியில், விருந்தாளிகள் மறந்துவிட்டுப்போன சாமான்களின் அலமாரியில் ஏழு பிரஷ் இருக்கின்றன. சாவி பரமானந்தத்திடம். ஒன்றை எடுத்துக்கொள்கிறார். எழுதிப் பார்த்தேன். பதினெட்டு வருஷத்தில் ஒரு துண்டுச் சோப்புக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனுஷர், கை அலமாரிப் பக்கம் போகவில்லை. அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: மூடுபனியில் முதலாளியின் கார் வத்தலக்குண்டிலேயே நின்றுவிட—

சீச்சீ.

நடந்தது இது. திங்கள் காலை ஆறு மணி. ஜோசப்பின் வெந்நீரில் சோப்பைக் குழைத்து, உள்ளங்கையாலேயே நுரை கட்டி அவர் முகத்தில் பூசினாள். பிளேடை எடுத்தாள். நூற்றுச்சொச்சம் வயிறுகளில் ஆடாத கை அன்றைக்கு ஆடியது.

"நடுங்குதுங்க."

பரமானந்தம் தம் வலது கையைக் கொண்டுவந்து அவள் கைமேல் வைத்தார். "என்னுதும் நடுங்குது. ரெண்டும் சேந்தா நேராயிரும், இழு."

நேராயிற்று.

இந்தக் கதையில் ஓரிடத்திலாவது நான் மிகைப்படுத்தவில்லை என்றால் அது இந்த இடம். டீக்கடையில் இதை நான் சொல்லவில்லை. பிரஷ் உருகியதற்கே சிரித்தவர்கள்.

8

ஒன்பது மணி. முடிவு எழுதவேண்டும். எழுதமாட்டேன். முதலாளியை எனக்குத் தெரியாது. அவரை நல்லவராகவோ கெட்டவராகவோ ஆக்குகிற உரிமை எனக்கு இல்லை. அதனால் காரிலிருந்து இறங்குவது நீங்கள். மதுரையிலிருந்து வந்த களைப்பு. முதல் மாடி அறைக்குச் சாவி வேண்டும். மேசைக்குப் பின்னால் கோட்டும் டையுமாக ஒருவர். முகம் சுத்தம். இடது காதுக்குக் கீழே மட்டும், உள்ளங்கையால் பூசியதில் விட்டுப்போன ஒரு பொட்டு நுரை காய்ந்து வெள்ளையாக இருக்கிறது. பக்கத்தில் சேனாதிபதி உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பித்தளைத் தட்டு மேசையின் மூலையில் கிடக்கிறது. பரமானந்தம் அதை எடுக்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து வலது கையை எடுத்து, அந்தக் கையாலேயே சாவியை உங்களுக்கு நீட்டுகிறார்.

சாவி கிலுகிலுவென்று சத்தம் போடுகிறது. நீங்கள் கையை நீட்டுகிறவரை அது நிற்காது.