ரெண்டு நாள் மாத்திரை

சட்டைக்குள் இடது கை நுழையவில்லை. ஊசி குத்திக் குத்தி வீங்கிப்போயிருந்தது. ஆரோக்கியசெல்வி தையலைப் பிரித்து, கணவர் சவரியப்பனின் விரல்களை ஒவ்வொன்றாக உள்ளே விட்டாள். ஆஸ்பத்திரி வண்டி உடலை சூளகிரி வீட்டில் இறக்கிவிட்டு அப்போதுதான் போயிருந்தது.

சவரியப்பன் ஓசூர் கம்பெனி ஒன்றில் பிரஸ் மிஷின் ஓட்டியவர். நீர்க்கடுப்பு அடிக்கடி வரும். மெடிக்கலில் சொல்லி ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி இரண்டு நாள் போடுவார். எரிச்சல் அடங்கியதும் மிச்சத்தை அலமாரி மேல் போட்டுவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவார்.

"சரியாப் போச்சுல்ல. அப்புறம் எதுக்கு வயித்தக் கெடுத்துக்கறது?" என்பார்.

வருடக்கணக்கில் இப்படித்தான். இந்த முறை நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. எந்த மாத்திரைக்கும் அது இறங்கவில்லை.

ஐசியூ வாசலில் டாக்டர் அவளை உட்காரவைத்துப் பேசினார்.

"கிருமி ரத்தத்துல கலந்துடுச்சும்மா. அரைகுறையா மருந்து போடப் போட, லேசான கிருமிதான் செத்துது. மருந்தத் தாங்குனது மிஞ்சி, அதுவே பெருகிடுச்சு. இப்ப எத ஏத்தினாலும் கேக்க மாட்டேங்குது."

"வேற மருந்தே இல்லீங்களா சார்?"

"ஒண்ணு இருக்கு. பெங்களூர்ல சொல்லியிருக்கோம்."

மகன் கிங்ஸ்டன் பைக்கில் போனான். திரும்பும்போது ஜூஜுவாடி எல்லையில் லாரிகள் நகரவேயில்லை. ஐஸ் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் ஓடி வந்தான். மருந்து ஏறியது. பாதி பாட்டில் இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பட்டனைப் போட்டுவிட்டு அவள் எழுந்தாள். உடலைக் கூடத்தில் சவப்பெட்டிக்குள் வைத்து ஜெபம் செய்து முடித்தார்கள். உள்ளறையில் குழந்தை சிணுங்கியது. மருமகள் லிபியா அதை மடியில் போட்டு, மூடியில் இளஞ்சிவப்பு மருந்தை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னதுடி?"

"ராத்திரியிலிருந்து மூக்கு ஒழுகுது அத்த. எங்கண்ணன் மெடிக்கல்ல கேட்டு வாங்கிட்டு வந்துச்சு. ஆன்டிபயாடிக்காம். ஒரே நாள்ல நின்னுடுமாம்."

"டாக்டர் பாத்தாரா?"

"சளிதானே அத்த."

ஆரோக்கியசெல்வி மூடியைக் கையில் வாங்கினாள்.

"அம்மா, பெட்டிய மூடணுமாம், வா" என்று கிங்ஸ்டன் வெளியிலிருந்து கூப்பிட்டான். அவள் நகரவில்லை. மருந்து சிந்தாமல் மூடியைப் பிடித்தபடி நின்றாள்.

இனிப்பு வாசனைக்குக் குழந்தை வாயைத் திறந்தது.