நூற்றுப் பன்னிரண்டாவது துப்பாக்கி

எஸ்மாயிலின் விலை ஒரு லட்சம் பெசோ. பேரம் கிடையாது, அரசுக்கும் மலை இயக்கத்துக்கும் சமாதானம் செய்துவைக்க வந்த மூன்று நாட்டு நடுவர்கள் உட்கார்ந்து பேசி முடித்த விலை. செய்தியை அவன் தாய் தர்ஹதாவிடம் கொண்டுவந்தவள் கலிமா. தர்ஹதாவின் கருவாட்டுக் கடைக்குப் பக்கத்தில் சோற்றுப் பொட்டலம் விற்பவள்.

"அக்கா, ஒம் பையன் பேரு லிஸ்ட்ல இருக்கு! கூடைப்பந்து மைதானத்துல ஒட்டியிருக்காங்க. நூத்திப் பன்னெண்டாவது."

"எந்த லிஸ்ட்டுடி?"

"போராளிங்க லிஸ்ட்டு. துப்பாக்கிய ஒப்படைச்சா ஒரு லட்சம். ஆளு செத்திருந்தா குடும்பத்துக்கு."

தர்ஹதாவின் கை அறுத்துக்கொண்டிருந்த கருவாட்டிலேயே நின்றுவிட்டது. எஸ்மாயில் துப்பாக்கியைக் கிட்டத்தில் பார்த்தது ஒரே ஒரு முறை. அப்போது அது அவன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று வருடத்துக்கு முன், ஆற்றுப் பாலத்தருகே மலை இயக்கத்தார் போட்டிருந்த சுங்கத் தடுப்பில், ஒரு வேன் கருவாட்டுக்கு முந்நூறு பெசோ அதிகம் என்று வாய் கொடுத்தான். அவன் தாய் கடலைப் பார்த்தால் கடலுக்கே விலை குறைத்துக் கேட்பவள். பிள்ளை வேறு எப்படி இருப்பான்? அவர்களுடைய கமாண்டர் சமாவ் அந்தப் பேரத்தை ஒரே குண்டில் முடித்தான்.

அதன்பின் ஊர் வழக்கப்படி நடக்க வேண்டியது நடக்கவில்லை. கொன்றவன் வீட்டார் மாடும் ரத்தப்பணமும் கொண்டுவந்து, செத்தவன் வீட்டு முன் பாய் விரித்து உட்கார்ந்து, 'நாங்கள்தான் செய்தோம்' என்று ஊரறியச் சொல்ல வேண்டும். பணத்தை வாங்கிவிட்டால் பகை தீர்ந்தது. அப்புறம் ஒரு கேள்வி கேட்க முடியாது. சமாவோ, 'அந்தப் பக்கமே நான் போகவில்லை' என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டான். தர்ஹதாவின் கொழுந்தன் அபாஸ் பழிக்குப் பழி என்று கிளம்பிய போதெல்லாம் அவள்தான் மறித்தாள். "அவன் வாயால ஒத்துக்கட்டும். அதுக்கு முன்னாடி எவனும் எதையும் தொடக்கூடாது."

மைதானத்தில் திருவிழாக் கூட்டம். ஒரு மாதமாகவே ஊரில் பழைய துப்பாக்கிக்கு விலை ஏறிக் கிடந்தது. நாற்பதாயிரத்துக்கு வாங்கி ஒப்படைத்தால் அறுபதாயிரம் லாபம். வாங்கியவன் அன்றைக்கே போராளி. வரிசையில் நின்றவர்களில் இரண்டு தையல்காரர்களையும் ஒரு முடிதிருத்துபவரையும் தர்ஹதாவுக்கு நன்றாகத் தெரியும்.

மேசையில் நீலச் சட்டை போட்ட வெளிநாட்டு நடுவர் இருந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்கும் இளைஞன் ஜைனுதீன். சற்றுத் தள்ளி நாற்காலியில் சமாவ்.

"தம்பி, ஒவ்வொரு பேருக்கும் ஒரு துப்பாக்கி வேணுமாமே. எம் பையனுக்கு எது?"

ஜைனுதீன் தரையில் அடுக்கியிருந்த வரிசையைக் காட்டினான். ஒன்றில் 'நூற்றுப் பன்னிரண்டு, எஸ்மாயில்' என்று சீட்டுத் தொங்கியது. "இதான் அம்மா. கமாண்டரோட பழசு. ரெண்டு வருஷமா அவருகிட்ட புதுசு இருக்கு, அதனால இத ஒங்க பையன் பேருல எழுதிட்டாங்க."

மூன்று வருடத்துக்கு முன் சமாவ் கையில் இருந்தது இதுதான் என்று கணக்குப் போட அவளுக்கு நேரம் ஆகவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டாள். மகனைத் தின்ற இரும்பு, மகனுடைய சொத்தாக, மகன் பெயரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிடந்தது.

சமாவ் எழுந்து வந்தான். "நல்லதுதானேக்கா செஞ்சிருக்கேன்? பையனுக்குத் தியாகிப் பட்டம், ஒங்களுக்குப் பணம்."

"பணம் வேணாம், மாடும் வேணாம். நீ சுட்டேன்னு சொல்லு. ஒரு தடவ."

அவன் குரலைத் தாழ்த்தினான். "சண்டையில சுட்டதுக்குத்தான் சர்க்காரு மன்னிப்பு உண்டு. இத ஒத்துக்கிட்டா கொலக் கேசு. நான் மலைக்குத் திரும்பிருவேன். இந்த இருநூறு பேரும் எம் பின்னாடி வருவாங்க. பரவாயில்லையா?"

அவள் நடுவரைப் பார்த்தாள். "சுட்டவனுக்கு லட்சம் குடுக்குறீங்க. சுடாதவனுக்கு என்னங்க குடுப்பீங்க?"

ஜைனுதீன் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தான். நடுவர் தலைகுனிந்தபடியே சொன்ன பதில் திரும்பி வந்தது: "சுடாதவங்களுக்கு ரோட்டக் குடுக்குறோம்மா. பதினோரு மாசமா இந்த ரோட்ல ஒரு உசுரு போகல."

அதை அவளால் மறுக்க முடியவில்லை. அவளுடைய வேனும் அந்தப் பதினோரு மாதமாகச் சுங்கமில்லாமல்தான் பாலம் தாண்டுகிறது. போன வாரம்கூட ஓட்டுநர் பாட்டுப் பாடிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

பின்னாலிருந்து கலிமா முந்தானையை இழுத்தாள். "கெடுத்துறாதக்கா. ஒரு பேரு பொய்யின்னாலும் மொத்த லிஸ்ட்டையும் நிறுத்திருவாங்களாம். எம் புருஷன் நூத்தி நாப்பது."

"ஒம் புருஷன் எந்தச் சண்டைக்குடி போனான்? ஒங்கிட்டயே தெனம் தோக்குறவன்."

கலிமா சிரிக்கவில்லை. அழுதுவிடுவாள் போலிருந்தது.

ஜைனுதீன் தாளை நகர்த்தினான். 'என் மகன் இயக்கத்தின் போராளி' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துக்கு இடம். தர்ஹதா அதைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள், பேனாவை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"இது எம் பையன் இல்ல தம்பி. அதே பேருல வேற எவனோ. எம் பையன் கருவாடு வித்தான்."

வரிசை முழுவதும் மூச்சு விட்டது. ஜைனுதீன் 'வாரிசு இல்லை' என்று எழுதினான். நாலடி நடந்தவள், வியாபாரி அல்லவா, திரும்பிக் கேட்டாள்:

"அப்ப அந்தப் பணம்?"

"வாரிசு வரலேன்னா கமாண்டரே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கலாம்மா. விதி அப்படித்தான்."

சமாவ் ஏற்கெனவே பேனாவைத் திறந்துவிட்டிருந்தான். அவள் மகன் பெயருக்கு எதிரே கையெழுத்திட்டு, நோட்டுகளை எச்சில் தொட்டு எண்ணினான். தர்ஹதாவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் மொத்த லிஸ்ட்டும் நின்றுவிடும்; கடையை நோக்கி நடந்தாள்.

கடை வாசலில் அபாஸ் காத்திருந்தான். "என்ன அண்ணி ஆச்சு? என்ன கெடச்சுது?"

விரல் மடக்கிச் சொன்னாள்.

"சமாவுக்குப் புதுத் துப்பாக்கிக்கு ஒரு லட்சம், பழசுக்கு ஒரு லட்சம், மன்னிப்பு ஒண்ணு. கலிமா புருஷனுக்கு ஒரு லட்சம். நமக்குப் பதினோரு மாசம் ரோடு. வரவேண்டிய பாக்கி, அவன் வாயால ஒரு வார்த்த."